கணவரின் பர்சனல் லோனையும் கார்டு பாக்கியையும் கூட்டு வீட்டுக்கடனில் சேர்க்கலாமா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் இருக்கிறோம். வீடு என் பெயரிலும் கணவர் பெயரிலும் சரிபாதி. நிலம் வாங்க முன்பணம் என் கல்யாண நகையில் ஒரு பகுதியை விற்றுக் கொடுத்தது. வீட்டுக்கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. பாக்கி 28 லட்சம், வட்டி 8.5, இன்னும் 15 வருடம், மாதத் தவணை 27,600. அவருக்குக் கையில் 62,000 வருகிறது, எனக்கு 38,000.

அவர் பெயரில் மட்டும் இருக்கும் கடன்கள்: பர்சனல் லோன் 6.4 லட்சம் (14.5 சதவீதம், மூன்று வருடம் பாக்கி, மாதம் 22,000). இரண்டு கிரெடிட் கார்டில் 2.6 லட்சம், மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் 13,000 கட்டிக்கொண்டு வருகிறார். போன் செயலி வழியாக வாங்கிய ஒரு ஆப் கடன் 1 லட்சம், மாதம் 9,400. ஆக மொத்தம் 10 லட்சம். எல்லாத் தவணையும் போனால் குடும்பத்துக்கு 28,000 மிஞ்சுகிறது. இதில்தான் மகள் பள்ளிக் கட்டணம், மளிகை, மாமியார் மாத்திரை எல்லாம்.

வங்கியில் இதே வீட்டின் மேல் 10 லட்சம் டாப்அப் (இருக்கும் வீட்டுக்கடனுக்கு மேல் கூடுதல் கடன்) தருகிறோம், 9 சதவீதம், 15 வருடம், மாதம் 10,150தான் என்கிறார்கள். அதை வைத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்கிறார் கணவர். மாதம் 34,000 மிச்சமாகும். கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று அவருக்கு விளக்கிச் சொல்லவும் தெரியவில்லை.


பவானிக்காரன் எழுதியது:

யோசிக்க என்ன இருக்கிறது? கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம், வருடத்துக்கு 42 ஆகிறது. அதை 9 சதவீதத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? நாங்கள் 2021இல் இதையேதான் செய்தோம். ஐந்து கடன் ஒரே கடன் ஆனது. மாதத்தில் ஒரே தேதி, ஒரே தவணை. வீட்டில் சண்டை நின்றது. அதற்கே ஒரு விலை உண்டு, அதை எந்தக் கணக்கும் காட்டாது. கையெழுத்துப் போடுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

பவானிக்காரன் கார்டைப் பற்றிச் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மற்ற கடனையும் அதோடு சேர்த்துக் கட்டுவதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பத்து லட்சத்தையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பதால்தான் கணக்கு அழகாகத் தெரிகிறது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

பர்சனல் லோனை மட்டும் எடுத்துக்கொள்வோம். இப்போது இருக்கிறபடியே மூன்று வருடம் கட்டினால் இனி போகப்போகும் வட்டி சுமார் 1.53 லட்சம். அதே 6.4 லட்சத்தை 9 சதவீதத்தில் 15 வருடத்துக்கு மாற்றினால் தவணை 6,500ஆக இறங்கும். ஆனால் மொத்த வட்டி சுமார் 5.28 லட்சம். வட்டி விகிதம் குறைந்திருக்கிறது, கட்டும் வட்டி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆண்டுகள் செய்யும் வேலை இது.

சரி, குறைந்த வட்டியில் அதே மூன்று வருடத்தில் கட்டினால்? தவணை 20,350, வட்டி சுமார் 93,000. அதாவது 60,000 ரூபாய் மிச்சம். இதிலிருந்து பர்சனல் லோனை முன்கூட்டி முடிக்கும் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, டாப்அப்புக்குப் பிராசஸிங் கட்டணம், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடாக ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு எல்லாவற்றையும் கழியுங்கள். நிலையான வட்டியில் கொடுத்த பர்சனல் லோனுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் மூன்று, நான்கு சதவீதம்கூட இருக்கும். அதற்கு மட்டுமே 20,000க்கு மேல் போகலாம். மீதிக்காக வீட்டை ஈடு வைப்பதா?

கார்டு கதை வேறு. 2.6 லட்சத்துக்கு மாத வட்டி 9,100, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,638. நீங்கள் கட்டும் 13,000இல் 10,700 வட்டிக்கே போய்விடுகிறது. அசல் குறைவது 2,300க்கும் கீழே. மினிமம் டியூ கட்டிக்கொண்டே போனால் உங்கள் மகள் கல்லூரி முடிக்கும்போதும் அந்தப் பாக்கி ஏதோ ஒரு வடிவில் இருக்கும். அதை எப்படியாவது அடைத்தே ஆக வேண்டும்.


முன்னாள்_கிளைமேலாளர் எழுதியது:

வீட்டுக்கடன் பிரிவிலேயே பல வருடம் இருந்தவன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பத்து லட்சமும் அவர் கடன். ஈடு கிடையாது, உங்கள் கையெழுத்தும் கிடையாது. நாளை கட்ட முடியாமல் போனால் வங்கி அவரைத்தான் கேட்க முடியும், அவர் மேல்தான் வழக்குப் போட முடியும். டாப்அப்பாக மாறிய மறுநாள் அது உங்கள் இருவர் கடன், உங்கள் வீட்டின் மேல் கடன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 43ஆம் பிரிவின்படி கூட்டாகக் கையெழுத்திட்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். ‘பாதி என்னுடையது, பாதி அவருடையது’ என்று வங்கியிடம் சொல்ல வழியில்லை.

மூன்று மாதம் தவணை நின்றால் வாராக்கடன். அப்புறம் 2002ஆம் வருடத்து சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் கட்டாவிட்டால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். நீங்கள் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கோவையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் படி ஏறும் நிலை வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் கதவில் ஒட்டிய நோட்டீஸைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து படித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கடனை ஒழுங்காகக் கட்டியிருந்த குடும்பம் அது. மேலே ஏற்றிய டாப்அப்பில்தான் சறுக்கினார்கள்.

இன்னொன்று. வீட்டுக்கடன் வட்டி மிதக்கும் வட்டி, அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5க்குப் போனது. பலருக்குத் தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டினார்கள், ஓய்வு வயதைத் தாண்டிப் போன கடன்கள் உண்டு. அவருடைய பர்சனல் லோன் நிலையான வட்டி, முடியும் தேதி அச்சடித்ததுபோல் இருக்கிறது. அந்தத் தேதியை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள்.

உங்கள் கையெழுத்து இல்லாமல் டாப்அப் நகராது. அதனால் கேள்வி கேட்கும் உரிமை முழுக்க உங்களுக்கு இருக்கிறது. முதல் கேள்வி: இந்தப் பத்து லட்சம் எதற்குப் போனது?


சேலத்து_அக்கா எழுதியது:

தம்பி கேட்டதுதான் முக்கியம். மருத்துவச் செலவா, தொழில் நஷ்டமா, கை நீண்ட செலவா? முதலாவது ஒருமுறை வந்து போவது. மூன்றாவது திரும்ப வரும்.


தஞ்சைப்பெண் எழுதியது:

இங்கே எல்லோரும் பேசுவது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருடத்துக்கு அப்புறம் ‘அவர் கடன்’, ‘என் வீடு’ என்று கோடு போடுவது என்ன குடும்பம்? அவர் சம்பளத்தில்தானே பாதி வீடு கட்டியது? என் கணவருக்கு வேலை போனபோது என் பெயரில் கடன் வாங்கி ஓட்டினோம். இன்று அவர் சம்பாதிக்கிறார். அன்று நான் வக்கீல் மாதிரிப் பேசியிருந்தால் அவர் எழுந்தே இருக்க மாட்டார்.


நொய்யல்கரை எழுதியது:

தஞ்சைப்பெண் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது. அவர் கெட்டவர் இல்லை. மாமனாருக்கு பைபாஸ் செய்தபோது காப்பீடு போக மூன்றரை லட்சம் கையிலிருந்து போட்டார். அந்தச் சமயம் யாரிடமும் கை நீட்டவில்லை, என்னிடம்கூடக் கேட்கவில்லை. பர்சனல் லோன் அப்படித்தான் ஆரம்பித்தது.

மீதியை நேற்று ராத்திரிதான் உட்கார்ந்து கேட்டேன். ஸ்டேட்மென்ட்களை எடுத்து மேசையில் வைத்தார். பர்சனல் லோனை இடையில் ஒருமுறை ஏற்றி வாங்கியிருக்கிறார். அந்தப் பணமும் ஆப் கடனும் பங்குச்சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்பதில் போயிருக்கின்றன. சந்தைக்குக் கையிருப்பு எல்லாம் போனதால் வீட்டுச் செலவைக் கார்டில் ஓட்டியிருக்கிறார். விட்ட பணத்தை விட்ட இடத்திலேயே பிடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இப்போது நிறுத்திவிட்டேன் என்கிறார். கடைசி நான்கு மாத ஸ்டேட்மென்ட்டில் அப்படி எதுவும் இல்லை, அது உண்மைதான்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அவர் மேசையில் எடுத்து வைத்தது பெரிய விஷயம். பலர் கடைசிவரை வைக்கமாட்டார்கள்.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022 நிதியாண்டிலிருந்து மூன்று வருடத்தில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், எல்லோருக்குமாகச் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். உங்கள் கணவர் தனிப்பட்ட முறையில் முட்டாள்தனம் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் இந்த வகைக் கடனில் ஒரு ஆபத்து உண்டு. கார்டு பாக்கி பூஜ்யம் ஆனதும் லிமிட் முழுதும் மறுபடி காலியாக நிற்கும். மாதம் 34,000 வேறு கையில் மிஞ்சும். நஷ்டத்தைத் திரும்பப் பிடிக்கும் எண்ணம் இன்னும் அடங்கவில்லை என்றால் இரண்டு வருடத்தில் டாப்அப்பும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். இந்த இரட்டைக் கடனில் மாட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.


திண்டுக்கல்_வழக்கறிஞர் எழுதியது:

முன்னாள் மேலாளர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஈடு இல்லாத கடன் என்பதால் வீட்டுக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினால் வீட்டில் உங்கள் கணவரின் பாதிப் பங்கை ஜப்தி செய்யக் கேட்கலாம். சம்பளத்தையும் ஒரு வரம்பு வரை பிடிக்கலாம். ஆனால் உங்கள் பாதியைத் தொட முடியாது. இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பாதிதான்.

அவர் இல்லாமல் போகும் நிலையையும் பேசித்தான் ஆக வேண்டும், மன்னிக்கவும். பர்சனல் லோனுக்கு வாரிசுகள் பொறுப்பு அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான். உங்கள் சம்பளம், உங்கள் நகை, உங்கள் பாதி வீடு அதில் வராது. டாப்அப்பில் நீங்கள் கூட்டுக்கடன்தாரர், மொத்தமும் உங்கள் தலையில் நிற்கும். அதனால் எந்த வழியில் போனாலும் அவர் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுக்கச் சொல்லுங்கள். அதை 1874ஆம் வருடத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ், மனைவி, பிள்ளை நலனுக்காக என்று எழுதி எடுக்கலாம். நல்லெண்ணத்தோடு எடுத்த பாலிசியாக இருந்தால் அந்தப் பணத்தில் கடன்காரர்கள் கைவைக்க முடியாது. எடுக்கும்போதே அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

‘நான் கையெழுத்துப் போடுகிறேன், பதிலுக்கு உங்கள் பாதியை எனக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுங்கள்’ என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஈடு வைத்திருக்கும் வங்கியின் சம்மதம் வேண்டும். கடன் நிலுவையில் இருக்கும்போது கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் எழுதியது என்று தெரிந்தால் சொத்து மாற்றுச் சட்டம் 53ஆம் பிரிவில் அதை ரத்து செய்ய வைக்கலாம். அவசரப்பட்டு அந்தப் பக்கம் போக வேண்டாம்.


சேலத்து_அக்கா எழுதியது:

தஞ்சைப்பெண்ணுக்கு ஒரு வார்த்தை. நீ செய்தது பெரிய காரியம், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கணவனுக்குத் தோள் கொடுப்பதற்கு வீட்டுப் பத்திரம்தான் வேண்டும் என்றில்லை. மூன்று வருடம் வீட்டுச் செலவை இவள் சம்பளத்தில் நடத்தி, அவர் சம்பளத்தை முழுக்கக் கடனுக்கு விடலாம். அதுவும் தோள்தான். கடன் அவர் பெயரில் இருக்கும், அவர் கையாலேயே முடியும். முடித்த பெருமையும் அவருக்கு வரும். ஆம்பளைக்கு அது தேவைப்படும்.

என் தங்கை வீட்டில் எல்லாவற்றையும் வீட்டுக்கடனில் ஏற்றினார்கள். அப்புறம் இருவருக்கும் சரிப்பட்டு வரவில்லை, பிரிந்துவிட்டார்கள். விவாகரத்து ஆகிவிட்டது என்று வங்கியில் சொன்னால், ‘அது உங்கள் விஷயம், தவணை கட்டுங்கள்’ என்றார்கள். வேறு ஊரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அவர் வாங்கிய பைக்குக்கும் போனுக்கும் அவள் இன்றும் வீட்டுக்கடன் தவணை கட்டுகிறாள். சிபிலில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் பதிவில்) அவள் பெயரும் இருப்பதால் நிறுத்தவும் பயம்.


தஞ்சைப்பெண் எழுதியது:

அக்கா சொன்ன வழி எனக்குத் தோன்றவில்லை. சம்பளத்தால் தாங்குவது வேறு, சொத்தை எழுதி வைப்பது வேறுதான். ஆனால் மாதம் 28,000இல் மூன்று வருடம் எப்படி ஓட்டுவது? அந்தக் கார்டுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். நகைக்கடன்?


பவானிக்காரன் எழுதியது:

நகைக்கடனும் அவர்கள் நகைதானே. வீட்டை ஈடு வைக்காதே, கழுத்தில் இருப்பதை வை என்பது என்ன நியாயம்? அதோடு பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வட்டி கட்டி மறு அடகு. மாதாமாதம் அசல் குறையும் ஏற்பாடாக இருந்தால்தான் இதற்குப் பொருந்தும்.

மற்றவர்கள் எழுதியதைப் படித்த பிறகு என் பேச்சில் ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு அது பலித்ததற்குக் காரணம், நாங்கள் டாப்அப்பை நான்கே வருடத்துக்குப் போட்டோம், கார்டை வெட்டிப் போட்டோம். எங்கள் கடன் திருமணச் செலவிலும் கிணறு வெட்டியதிலும் வந்தது. சந்தைக் கடன் என்றால் நானும் தயங்குவேன்.


முன்னாள்_கிளைமேலாளர் எழுதியது:

நடுவழி ஒன்று இருக்கிறது. கார்டும் ஆப் கடனும் மட்டும் 3.6 லட்சம். அதற்கு மட்டும் டாப்அப் கேளுங்கள், ஐந்து வருடத்துக்கு. 9 சதவீதத்தில் தவணை 7,470 வரும். வீட்டுக்கடன் 27,600, பர்சனல் லோன் 22,000, இது 7,470. மொத்தம் 57,100 போல. மாதம் கையில் 43,000 மிஞ்சும், இன்றைக்கு இருப்பதைவிட 15,000 கூடுதல். வீட்டின் மேல் புதிதாக ஏறுவது பத்து இல்லை, 3.6தான். மூன்று வருடத்தில் பர்சனல் லோன் தானாக முடிந்து 22,000 விடுபடும். அப்போது டாப்அப்பையும் சேர்த்து அடைத்துவிடலாம். மிதக்கும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது, ரிசர்வ் வங்கி விதி.

வங்கியில் பேசும்போது டாப்அப்பைத் தனிக் கடன் கணக்காகப் போடச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்கடனோடு கலந்து ஒரே கணக்காக்கி 15 வருடத்துக்கு நீட்டிவிட்டால் எது எங்கே முடிகிறது என்று உங்களுக்கே தெரியாது. ‘15 வருடம் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டுமானால் முன்னாடியே கட்டலாமே’ என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். மிஞ்சுகிற பணம் வீட்டில் நிற்காது.

பணத்தை அவர் சேமிப்புக் கணக்கில் போட வேண்டாம், கார்டு கணக்குக்கும் ஆப் நிறுவனத்துக்கும் நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். கார்டு நிறுவனம் பேரம் பேசி ‘செட்டில்மென்ட்’ என்று குறைத்து முடிக்க முன்வந்தால், சிபிலில் ‘செட்டில்டு’ என்று விழும், பல வருடம் நிற்கும். முழுத் தொகை கட்டி ‘க்ளோஸ்டு’ என்று வருகிறதா பாருங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

வரிச் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டாப்அப் பணம் வீடு கட்டவோ பழுது பார்க்கவோ போனால்தான் அந்த வட்டிக்குக் கழிவு, அதுவும் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில் மட்டும். கார்டு அடைத்ததற்குக் கிடையாது.

மகளின் கல்விக்கடனும் நினைவிருக்கட்டும். அதில் பெற்றோர் இணை விண்ணப்பதாரர். அப்போது இருவர் சிபிலும் கெட்டிருக்கக் கூடாது. ஒருவருடையதாவது சுத்தமாக நிற்பது வீட்டுக்கு ஒரு பலம். இன்று அது உங்களுடையது.


நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சேலத்து அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “பர்சனல் லோன் என் பேர்லயே இருக்கட்டும், நானே முடிக்கிறேன்” என்றார்.

3.6 லட்சத்துக்கு மட்டும், தனிக் கணக்கு, 60 தவணை என்று வங்கியில் கேட்டோம். பத்து லட்சம் என்றபோது இருந்த உற்சாகம் அவர்களிடம் இல்லை, ஆனாலும் தருகிறார்கள். பத்திர ஒப்படைப்பை மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று செலவுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பங்கு வர்த்தகக் கணக்கில் எஃப் அண்ட் ஓ பிரிவை நிறுத்திவைக்க அவரே விண்ணப்பம் கொடுத்துவிட்டார். வீட்டுச் செலவை என் கணக்குக்கு மாற்றிக்கொண்டோம். மாதம் மிஞ்சும் 15,000இல் 5,000 தனியாக ஒரு ஆர்டியில் போகும், மறுபடி ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கார்டைத் தேடாமல் இருக்க. டேர்ம் பாலிசிக்கு அந்த 1874 சட்டப் படிவத்தைக் கேட்டபோது முகவருக்கே முதலில் தெரியவில்லை, தலைமை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இரண்டு கார்டில் ஒன்றை மூடச் சொல்லிக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். போன் செய்தால் சலுகை தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.


முன்னாள்_கிளைமேலாளர் எழுதியது:

போனில் பேசாதீர்கள். பாக்கி பூஜ்யம் ஆனபின் மின்னஞ்சலில் அவர் பெயரில் மூடல் கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி ஏழு வேலை நாளில் மூட வேண்டும், பாக்கி இல்லாத கார்டை அதற்குமேல் இழுத்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மின்னஞ்சலில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள். மற்ற கார்டை வைத்துக்கொள்வதாக இருந்தால் லிமிட்டை 30,000க்குக் குறைக்கச் சொல்லி அதே நாளில் எழுதுங்கள். ஆப் கடனுக்குப் பாக்கியில்லாச் சான்று வாங்கிய பிறகு, கணக்கில் போட்டிருக்கும் ஆட்டோ டெபிட் அனுமதியையும் ரத்து செய்யுங்கள். கடன் முடிந்த பிறகும் அது ஓடி, வீட்டுக்கடன் தவணை தேதியில் பணம் குறைந்து நின்ற கதைகள் உண்டு.